குழந்தையைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க

நீளமான த்ரெட் இது. வீட்டுல 9 வயசுல இருந்து 15 வயசு வரைக்கும் குழந்தைங்க இருந்தா தயவுசெஞ்சு முழுசா படிச்சிடுங்க. கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறேன். கோபம் பெத்தவங்க மேல மட்டும் இல்ல, என் தொழில்ல இருக்கிறவங்க மேலயும், என் மேலயும் சேர்த்துத்தான்.

போன மாசம் ஓ.பி.க்கு ஒரு அம்மா, 15 வயசு மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) நின்ன நிலையில எடுத்த எக்ஸ்-ரேயில, மார்புப் பகுதி முதுகெலும்பு வலப்பக்கமா வளைஞ்சு 54 டிகிரி. பொண்ணு வயசுக்கு வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. இடுப்பெலும்புல வளர்ச்சியைக் காட்டுற கோடு கிட்டத்தட்ட மூடிடுச்சு.

"முதல்ல எப்பம்மா கவனிச்சீங்க?"

"நான் கவனிக்கல சார். டெய்லர் அக்காதான் சொன்னாங்க. இவளுக்கு மஞ்சள் நீராட்டு வச்சப்ப பிளவுஸ் தைக்க அளவு கொடுக்கப் போனோம். 'அக்கா, பாப்பாவுக்கு ஒரு தோள் ஏறி இருக்கு, முதுகுல ஒரு பக்கம் துணி தூக்குது, டாக்டர்ட்ட காட்டுங்க'ன்னாங்க."

ரெண்டரை வருஷம். அந்த ரெண்டரை வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். முதல்ல ஸ்கூல் பேக்கைக் குறை சொல்லி, ஒரு தோள்ல மாட்டுற பையை எடுத்துட்டு ரெண்டு தோள்ல மாட்டுற பை வாங்கிக் கொடுத்திருக்காங்க. பாட்டி நல்லெண்ணெய் தேய்ச்சு விட்டிருக்காங்க. ஆன்லைன்ல 'முதுகை நிமிர்த்தும் பெல்ட்' வந்துச்சு. எலும்புக் கட்டு போடுறவர்ட்ட 21 நாள் போயிருக்காங்க. பக்கத்துத் தெரு கிளினிக்ல டாக்டர், சட்டைக்கு மேலேயே ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டு, "வளர வளர சரியாயிடும்"னு சொல்லியிருக்கார். வீட்டுல எல்லாரும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் "நிமிர்ந்து உட்காருடி"னு சொல்லியிருக்காங்க.

இத்தனை பேர்ல அந்தக் குழந்தையோட முதுகை ஒழுங்கா பார்த்த ஒரே ஆள் டெய்லர் அக்கா மட்டும்தான்.

இதுக்குப் பேரு ஸ்கோலியோசிஸ். முதுகுத்தண்டு பக்கவாட்டுல வளையறது. 'கூன்'னு நாம சொல்றது வேற. கூன் முன்பக்கமா வளையறது, இது இடம் வலமா. பின்னாடி இருந்து பார்த்தா நேர்க்கோடா இருக்க வேண்டிய முதுகெலும்பு ஆங்கில 'எஸ்' எழுத்து மாதிரியோ 'சி' எழுத்து மாதிரியோ தெரியும்.

ஆனா 'வளைவு'ங்கிற வார்த்தையே பாதி உண்மைதான் சொல்லுது. உண்மையில நடக்கிறது முறுக்கு. ஒவ்வொரு முள்ளெலும்பும் பக்கத்துக்குச் சாயறதோட தன்னைத்தானே திருப்பிக்கவும் செய்யுது. சுழல் மாடிப்படியை நினைச்சுக்குங்க, அது மாதிரி. மார்புப் பகுதியில எலும்பு திரும்பும்போது அதோட ஒட்டியிருக்கிற விலா எலும்புகளும் கூடவே திரும்பும். அதனாலதான் முதுகுல ஒரு பக்கம் மேடா தெரியுது, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துது, இடுப்புல ஒரு பக்கம் மட்டும் மடிப்பு விழுது. டெய்லர் அக்கா பார்த்த 'துணி தூக்குற' இடம் அந்த விலா மேடுதான்.

இந்த முறுக்கை மனசுல வச்சுக்குங்க. கீழே பல கதைகளைக் கேள்வி கேட்க இது உதவும்.

எக்ஸ்-ரேயில வளைவை அளக்கிற முறையைச் சொன்னவர் ஜான் காப்ங்கிற அமெரிக்க எலும்பு மருத்துவர், 1948ல. இன்னைக்கும் அதேதான். 10 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் ஸ்கோலியோசிஸ்னு பேர். வளரும் பருவத்துல 100 குழந்தைகள்ல 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கும். 40 பேர் இருக்கிற வகுப்புன்னா சராசரியா ஒரு குழந்தை. பயப்படாதீங்க, இதுல சிகிச்சை தேவைப்படுறது பத்துல ஒருத்தருக்குத்தான். மத்தவங்களுக்கு அந்தச் சின்ன வளைவு அப்படியே இருந்துட்டுப் போகும், வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. உசைன் போல்ட்டுக்கு ஸ்கோலியோசிஸ் இருக்கு. அவரே வெளிப்படையா சொன்ன விஷயம்தான். அதை வச்சுக்கிட்டுத்தான் உலகத்துலயே வேகமா ஓடினார்.

சின்ன வளைவு ஆண், பெண் ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமமா வருது. ஆனா பெருசாகிற வளைவுகள்ல பெண் குழந்தைங்க பல மடங்கு அதிகம்.

காரணம்? பெரும்பாலான குழந்தைகளுக்குத் தெரியல. இதை ஒத்துக்கிறதுல எனக்கு வெட்கம் இல்ல. இடியோபதிக்னு மருத்துவத்துல பேர் வச்சிருக்கோம், 'காரணம் தெரியலப்பா'ங்கிறதைக் கிரேக்கத்துல சொன்னா அதுதான். மரபணுக்களுக்குப் பங்கு இருக்கு, குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களுக்கு வர வாய்ப்பு கூடுது. மீதி இருக்கிற சின்னப் பங்கு குழந்தைகளுக்கு, கருவுலயே முள்ளெலும்பு சரியா உருவாகாம இருக்கலாம், இல்லன்னா மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு மாதிரி நோய்களோட சேர்ந்து வரலாம். அதெல்லாம் தனிக் கதை. இந்த த்ரெட் நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கிற, ஒரு வலியும் சொல்லாத 11, 12 வயசுக் குழந்தையைப் பத்தினது.

இப்ப ஸ்கூல் பேக் விஷயத்துக்கு வருவோம். ஸ்கூல் பேக்கால ஸ்கோலியோசிஸ் வராது. மறுபடி சொல்றேன், வராது. கனமான பையைத் தூக்கினா முதுகு வலிக்கும், தோள் வலிக்கும், குழந்தை சோர்ந்து போகும். அதுக்காகத்தான் 2020ல மத்திய அரசு, பை எடை குழந்தையோட எடையில 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கொள்கையே வெளியிட்டுச்சு. நல்ல விஷயம், பையைக் குறைங்க. ஆனா முதுகெலும்பை முறுக்குற சக்தி பைக்கு இல்ல. ஒரு பக்கமா சாஞ்சு உட்காருறதுக்கும் இல்ல, குப்புறப் படுக்கிறதுக்கும் இல்ல, செல்போனுக்கும் இல்ல.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, பையை மாத்தினதும் 'சிகிச்சை பண்ணிட்டோம்'னு நிம்மதி வந்துடுது. அந்த நிம்மதியில ஆறு மாசம் போயிடும். ரெண்டாவது, குழந்தை மேல பழி விழுது. 'நீ ஒழுங்கா உட்கார்ந்திருந்தா இப்படி ஆயிருக்குமா'ங்கிற வார்த்தையை அந்த 15 வயசுப் பொண்ணு என் முன்னாடியே ஒரு தடவை கேட்டுட்டா. அவளால நிமிர முடியாதுங்க. அவ எலும்பு அப்படித் திரும்பியிருக்கு. உயரம் குறைவா இருக்கிற பிள்ளையைப் பார்த்து 'வளருடா'னு திட்டுவோமா?

அடுத்தது, "வளர வளர சரியாயிடும்". இந்த ஒரு வாக்கியம் செஞ்ச கேடு அந்த ஆன்லைன் பெல்ட்டும் எண்ணெயும் சேர்ந்து செஞ்சதை விட அதிகம். ஏன்னா இது உண்மைக்கு நேர் தலைகீழ். ஸ்கோலியோசிஸ் வளர வளரத்தான் அதிகமாகும். வளர்ச்சிதான் இதுக்குத் தீனி. பெண் குழந்தைகளுக்கு உயரம் ரொம்ப வேகமா கூடுறது வயசுக்கு வர்றதுக்கு முந்தின ஒரு வருஷத்துல. வயசுக்கு வந்து சுமார் 2 வருஷத்துல வளர்ச்சி அநேகமா முடிஞ்சிடும். பையன்களுக்கு இது ஒண்ணு ரெண்டு வருஷம் தள்ளி நடக்கும். 20 டிகிரி வளைவோட இந்த வேகத்துக்குள்ள நுழையற குழந்தை 40, 50 டிகிரியோட வெளிய வரலாம். எல்லாக் குழந்தையும் இல்ல. ஆனா எந்தக் குழந்தைன்னு தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. நாலு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்தாத்தான் தெரியும்.

இங்க என் பாவத்தையும் சொல்லிடறேன். நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப காய்ச்சலுக்கு ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க, 11 வயசு இருக்கும். ஸ்டெதாஸ்கோப் வைக்கத் திரும்பச் சொன்னேன். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு நல்லா துருத்திட்டு இருந்துச்சு. அம்மாவே கேட்டாங்க, "சார், இது ஏன் இப்படி இருக்கு?" நான் சொன்ன பதில்: "ஒண்ணும் இல்லம்மா, நேரா உட்காரச் சொல்லுங்க." வெளிய நூறு பேர் வரிசையில நின்னாங்கங்கிறது உண்மைதான், ஆனா அது சமாதானம் ஆகாது. எனக்கு அப்ப தெரியல. படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியிருக்கேன், கண் முன்னாடி வந்தப்ப அடையாளம் தெரியல. அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கண்டுபிடிக்க என்ன செய்யணும்? செலவு பூஜ்யம், நேரம் அரை நிமிஷம்.

குழந்தையைச் சட்டை இல்லாம, இல்லன்னா முதுகு தெரியற மாதிரி மெல்லிசா ஏதாவது போட்டுக்கிட்டு, உங்களுக்கு முதுகைக் காட்டி நிக்கச் சொல்லுங்க. காலைச் சேர்த்து வச்சு, முட்டியை மடக்காம, ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிடுற மாதிரி வச்சுக்கிட்டு, கீழ விழுந்த பொருளை எடுக்கிற மாதிரி மெதுவா குனியச் சொல்லுங்க. பின்னாடி இருந்து, உங்க கண்ணு குழந்தையோட முதுகு மட்டத்துக்கு வர மாதிரி உட்கார்ந்து பாருங்க. முதுகோட ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கணும். ஒரு பக்கம் மேடா எழும்பினா, அதுதான் முறுக்கு. நிக்கும்போது தோள் சமமா இருக்கா, இடுப்பு வளைவு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா, கையைத் தொங்க விட்டா உடம்புக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சமமா இருக்கா, இதையும் பாருங்க. 9 வயசுல இருந்து வளர்ச்சி முடியற வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. பிறந்தநாளுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவைன்னு கூட வச்சுக்கலாம். இதுல ஒரு சந்தேகம் வந்தா போதும், டாக்டர்ட்ட போங்க. நாங்க ஒரு சின்ன மட்டக் கருவி வச்சு அளப்போம். 7 டிகிரிக்குப் பக்கத்துல சாய்வு இருந்தா எக்ஸ்-ரே.

இந்தக் குனிய வைக்கிற சோதனைக்கு ஆடம்ஸ் சோதனைன்னு பேர். லண்டன்ல வில்லியம் ஆடம்ஸ்னு ஒரு அறுவை மருத்துவர், 1865ல வந்த தன் புத்தகத்துல எழுதினது. இதுக்குப் பின்னாடி ஒரு சுவாரஸ்யமான ஆள் இருக்கார். இகுவானோடான்ங்கிற டைனோசருக்குப் பேர் வச்ச கிடியன் மாண்டெல். அவரும் டாக்டர்தான். 1841ல குதிரை வண்டி விபத்துல சிக்கி, அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் முதுகுத் தொல்லையில கிடந்தார். முதுகுல கட்டின்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. 1852ல அவர் இறந்த பிறகு ஆடம்ஸ் அந்த முதுகெலும்பைப் பார்த்தப்ப, அது கட்டியே இல்ல, முள்ளெலும்புகள் பக்கவாட்டுல வளைஞ்சு திரும்பியிருக்குன்னு தெரிஞ்சது. பார்க்க நேரா தெரியற முதுகுக்குள்ள முறுக்கு ஒளிஞ்சிருக்கலாம், குனிஞ்சாத்தான் வெளிய வரும்னு அவருக்குப் புரிஞ்சது. 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் நம்ம ஊர்ல ஒரு குழந்தையையும் யாரும் குனியச் சொல்றதில்ல.

சரி, கண்டுபிடிச்சாச்சு. அப்புறம்?

25 டிகிரிக்குக் கீழ இருந்தா வெறுமனே கண்காணிப்பு. 4ல இருந்து 6 மாசத்துக்கு ஒரு தடவை. (எக்ஸ்-ரே எடுக்கும்போது பின்னாடி இருந்து கதிர் வர மாதிரி நிக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க. பெண் குழந்தைகளுக்கு மார்புல விழற கதிர்வீச்சு குறையும்.) அளவுல 5 டிகிரி வரைக்கும் வித்தியாசம் வர்றது அளக்கிறவங்க கையால வர்றதாக்கூட இருக்கலாம், அதுக்கு மேல கூடினாத்தான் வளைவு உண்மையிலயே ஏறுதுன்னு அர்த்தம்.

25ல இருந்து 40 டிகிரி, இன்னும் வளர்ச்சி பாக்கி இருக்குன்னா, பிரேஸ். இங்கதான் உங்க முழுக் கவனமும் வேணும்.

பிரேஸ்ங்கிறது ஆன்லைன்ல வர்ற எலாஸ்டிக் பெல்ட் இல்ல. அந்த பெல்ட்டைப் போட்டுத் தோளைப் பின்னாடி இழுத்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான். உண்மையான பிரேஸ், குழந்தையோட உடம்புக்கு அச்செடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்ல, எங்க அழுத்தணுமோ அங்க அழுத்தம் கொடுத்து, எதிர்ப்பக்கம் உடம்பு நகர இடம் விட்டுச் செய்யறது. செயற்கைக் கால் செய்யற டெக்னீஷியன்கள்தான் இதையும் செய்வாங்க. போட்டுக்கிட்டு எக்ஸ்-ரே எடுத்து, வளைவு உள்ள எவ்வளவு குறையுதுன்னு பார்க்கணும்.

இது வேலை செய்யுமான்னு ரொம்ப வருஷம் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. 2013ல அந்தச் சண்டைக்கு முடிவு வந்துச்சு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 25 மருத்துவமனைகள், 242 குழந்தைகள். பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியற வரைக்கும் வளைவு 50 டிகிரியைத் தொடவே இல்ல. பிரேஸ் போடாம கண்காணிப்புல மட்டும் இருந்தவங்கள்ல அது 48 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க, மத்தக் குழந்தைகளைப் பிரேஸ் இல்லாம விடறது நியாயம் இல்லைன்னு.

அந்த ஆய்வுல எனக்குப் பிடிச்ச பகுதி வேற. பிரேஸுக்குள்ள வெப்பத்தை அளக்கிற சின்ன சென்சார் வச்சிருந்தாங்க. குழந்தை உண்மையிலயே எத்தனை மணி நேரம் போட்டுச்சுன்னு அது சொல்லிடும். டாக்டர் சொன்னது 18 மணி நேரம். 6 மணி நேரத்துக்குக் கீழ போட்டவங்களுக்குப் பலன் போடாதவங்களை விட அதிகம் இல்ல. சராசரியா 13 மணி நேரம், அதுக்கு மேல போட்டவங்கள்ல 10 பேர்ல 9 பேர் தப்பிச்சாங்க.

நேர்மையா இன்னொண்ணையும் சொல்லணும். பிரேஸ் போடாதவங்கள்லயும் பாதிப் பேர் தப்பிச்சிருக்காங்க இல்லையா? அதனால எல்லார்க்கும் பிரேஸ்னு ஓடுறதும் தப்பு. வளைவு எவ்வளவு, வளர்ச்சி எவ்வளவு பாக்கி, இந்த ரெண்டையும் வச்சுத்தான் முடிவு. இன்னொண்ணு, பிரேஸ் வளைவை நேராக்காது. மேல ஏறாம நிறுத்தும். 30ல இருக்கிற குழந்தை 30லயே வளர்ந்து முடிச்சா அதுதான் வெற்றி. இதைச் சொல்லாம பிரேஸ் கொடுத்தா, "ஒரு வருஷம் போட்டும் நேராகலையே"ன்னு கழட்டிப் பரண்ல போட்டுடுவாங்க.

நம்ம ஊர் வெயிலுக்கு அதைப் போட்டுக்கிட்டு இருக்கிறது சித்திரவதைதான், மறுக்கல. உள்ள தையல் இல்லாத பருத்தி பனியன், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை மாத்தறது, விளையாடும்போதும் குளிக்கும்போதும் கழட்டறது, ராத்திரித் தூக்கத்துல கண்டிப்பா போட்டுக்கிறது. இப்படி மணிக்கணக்கைச் சேர்க்கலாம். என்கிட்ட வர்ற ஒரு 12 வயசுப் பொண்ணு, ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போக மாட்டேன்னு அழுதா. சரி, ஸ்கூல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்த நிமிஷத்துல இருந்து மறுநாள் காலை வரைக்கும்னு பேசி முடிச்சோம். 14 மணி நேரம் வருது. எட்டு மாசமா வளைவு நகரல.

பிசியோதெரபி? ஷ்ராத் மாதிரி ஸ்கோலியோசிஸுக்குன்னே இருக்கிற பயிற்சிகள் சின்ன வளைவுலயும், பிரேஸோட சேர்த்தும் உதவலாம். தசை வலுவாகும், குழந்தைக்கு நம்பிக்கை வரும். யோகா, நீச்சல் எல்லாமே நல்லதுதான், தாராளமா பண்ணட்டும். ஆனா 'ஆபரேஷன் இல்லாமல் 45 நாளில் முதுகு நேராகும்'னு எவராவது விளம்பரம் பண்ணா, அவர்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: முன்னாடியும் பின்னாடியும் நின்ன நிலையில எடுத்த எக்ஸ்-ரே, காப் கோணத்தோட காட்டுவீங்களா? பேச்சு மாறும் பாருங்க.

முதுகுல ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, 'டப்'னு சத்தம் வர வச்சு ரீல்ஸ் போடுறவங்களைப் பத்தி. அந்தச் சத்தம் எலும்பு இடத்துக்குப் போற சத்தம் இல்ல. விரல்ல நெட்டி எடுத்தா வர்ற அதே சத்தம்தான், மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல உண்டாகிற காற்றுக் குமிழ் விவகாரம். வருஷக்கணக்கா எலும்போட வடிவமே மாறி உண்டான முறுக்கை ஒரு அழுத்துல பிரிக்க முடியும்னா, நாங்க ஏன் எட்டு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கிறோம்? சத்தம் வந்ததும் கொஞ்ச நேரம் இதமா இருக்கும், வாஸ்தவம். அந்த இதத்துக்கு வளரும் குழந்தையோட ஒரு வருஷத்தைக் கொடுக்காதீங்க. கழுத்தைத் திருகுறது ஆபத்தும் கூட.

இப்ப 45, 50 டிகிரி. இந்த அளவுல வளர்ச்சி நின்ன பிறகும் வளைவு நிக்காது. மார்புப் பகுதி வளைவு 50ஐத் தாண்டினா, வருஷத்துக்குச் சுமாரா 1 டிகிரி வீதம் வயசான காலம் வரைக்கும் ஏறிக்கிட்டே போகலாம். அதனாலதான் இந்த எல்லையில ஆபரேஷனைப் பத்திப் பேசறோம்.

"முதுகுல கத்தி வச்சா கால் விழுந்துடும்." இந்தப் பயம் நம்ம ஊர்ல கல்வெட்டு மாதிரி பதிஞ்சிருக்கு. ஒரு காலத்துல அதுக்குக் காரணமும் இருந்துச்சு. ஹூஸ்டன்ல பால் ஹாரிங்டன், போலியோவால முதுகு வளைஞ்ச குழந்தைகளுக்காக 1950கள்ல உலோகக் கம்பி வைக்க ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல ஆபரேஷனுக்கு அப்புறம் மாசக்கணக்கா மாவுக்கட்டுல படுக்கணும். இன்னைக்கு ஒவ்வொரு முள்ளெலும்புலயும் திருகாணி பொருத்தி, கம்பியோட சேர்த்து, முறுக்கையும் சேர்த்துத் திருப்பறோம். ஆபரேஷன் நடக்கும்போதே தண்டுவடத்துல சிக்னல் ஒழுங்கா போகுதான்னு ஒரு மெஷின் நொடிக்கு நொடி பார்த்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் குறைஞ்சாலும் கையை நிறுத்திடுவோம். வளரும் பருவத்து ஸ்கோலியோசிஸ்ல நரம்பு பாதிப்பு நூத்துல ஒண்ணுக்கும் கீழ. அடுத்த நாளோ அதுக்கடுத்த நாளோ நடக்க வைக்கிறோம்.

ஆனா பூஜ்யம் இல்ல. கம்பி வச்ச பகுதி அப்புறம் வளையாது. தொற்று வரலாம், சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம். இதையெல்லாம் சொல்லாம கையெழுத்து வாங்குற டாக்டர்ட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

அதே மாதிரி, 'உடனே பண்ணலைன்னா இதயம் நசுங்கிடும், நுரையீரல் போயிடும்'னு 35 டிகிரிக்கே பயமுறுத்துறவங்களும் இருக்காங்க. அதுவும் வியாபாரம்தான். அயோவாவுல, சிகிச்சையே எடுக்காத ஸ்கோலியோசிஸ்காரங்களை 50 வருஷம் கழிச்சுத் தேடிப் பிடிச்சுப் பார்த்து, 2003ல வெளியிட்டாங்க. ஆயுள் குறையல. வேலைக்குப் போனாங்க, கல்யாணம் பண்ணாங்க, குழந்தை பெத்தாங்க. நாள்பட்ட முதுகு வலி அதிகம்தான், 61 சதவீதம், ஸ்கோலியோசிஸ் இல்லாதவங்கள்ல 35. மூச்சு வாங்கற தொல்லை மார்புப் பகுதியில 80 டிகிரியைத் தாண்டினவங்கள்லதான் கூடுதலா தெரிஞ்சது. ஆகவே அவசரம் கிடையாது. உட்கார்ந்து, யோசிச்சு, இன்னொரு டாக்டர்ட்டயும் கேட்டு முடிவு பண்ண நேரம் இருக்கு. அவசரம் இருந்தது 12 வயசுல. அப்பதான் யாரும் அவசரப்படல.

பணம் இல்லைன்னு நினைச்சு விட்டுடாதீங்க. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல இந்த ஆபரேஷன் நடக்குது. காப்பீட்டுத் திட்டத்துல உங்களுக்கு வருமான்னு அங்கேயே இருக்கிற காப்பீட்டுப் பிரிவுல கேளுங்க.

அந்த அம்மா என்கிட்ட முதல்ல கேட்ட கேள்வி ஆபரேஷன் ஆபத்தானதாங்கிறது இல்ல. மகளை வெளிய உட்கார வச்சுட்டு, குரலைத் தாழ்த்தி, "சார், தழும்பு தெரியுமா? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?" அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த ஊரு அவங்களை அப்படிக் கேட்க வச்சிருக்கு. ஆனா இந்த ரகசியக் குரல்தான் ரெண்டரை வருஷத்தைத் தின்னுச்சு. 'வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்'னு ஸ்கூல்ல சொல்லல, சொந்தத்துல சொல்லல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா தெரிஞ்சவங்க பார்ப்பாங்கன்னு போகல. துப்பட்டாவை வச்சு மறைச்சாங்க. ஸ்கோலியோசிஸ் இருக்கிற பெண்கள், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க உட்பட, கர்ப்பமாகறாங்க, பெரும்பாலும் சுகப்பிரசவமே ஆகுது. கம்பி கீழ் முதுகு வரைக்கும் போயிருந்தா மயக்க மருந்து கொடுக்கிறவருக்கு முன்கூட்டியே சொல்லணும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது அவருக்குத்தான், மாப்பிள்ளையோட அத்தைக்கு இல்ல.

பொண்ணு உள்ள வந்ததும் அவளே ஒண்ணு கேட்டா. "சார், டெய்லர் அக்கா சொன்னப்பவே வந்திருந்தா இந்த ஆபரேஷன் வேண்டாமா?"

பொய் சொல்ல வாய் வரல. "பிரேஸ் போட்டு நிறுத்தறதுக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சும்மா. நிச்சயமா நின்னிருக்கும்னு சொல்ல முடியாது"ன்னேன். அவங்க அம்மா சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

இப்ப அரசாங்கத்துக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2013ல இருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம்னு ஒரு திட்டம் ஓடுது. டாக்டர், நர்ஸ் குழு அரசுப் பள்ளிக்கு வந்து கண்ணு, பல்லு, ரத்தசோகை, இதயம்னு 30 வகைக் குறைபாடுகளுக்குப் பார்க்கிறாங்க. உருப்படியான திட்டம். ஆனா அந்தப் பட்டியல்ல வளரும் பருவத்து முதுகு வளைவுக்கு இடம் இல்ல. தனியார் பள்ளியில வருஷா வருஷம் 'ஹெல்த் செக்கப்'னு பணம் வாங்கி உயரம், எடை எழுதி அனுப்பறாங்க. அதுலயும் இல்ல. ஒரு மறைப்புத் திரை, ஒரு பெண் நர்ஸ், ஒரு பி.டி. டீச்சர் போதும். ஒரு வகுப்பை ஒரு பீரியட்ல பார்த்துடலாம்.

டாக்டர் நண்பர்கள் இதுக்கு என்ன சொல்லி வருவாங்கன்னு தெரியும். "அமெரிக்காவோட நோய்த் தடுப்புக் குழு 2018ல, பள்ளிப் பரிசோதனைக்கு ஆதாரம் போதாதுன்னு சொல்லியிருக்கே?" ஆமா, சொல்லியிருக்கு. வேண்டாம்னு சொல்லல, போதாதுன்னு சொல்லுச்சு. அதே குழு 2004ல வேண்டாம்னே சொல்லிட்டு இருந்தது, பிரேஸ் ஆய்வு வந்த பிறகு அந்த நிலையை விட்டு இறங்கி வந்தது. அங்கேயே எலும்பு மருத்துவர், குழந்தை மருத்துவர் சங்கங்கள் பெண் குழந்தைகளுக்கு 10, 12 வயசுலயும், பையன்களுக்கு 13 அல்லது 14லயும் பார்க்கணும்னு சொல்றாங்க. தவிர, அங்க ஒரு குழந்தை வருஷம் ஒரு தடவையாவது தன் டாக்டர்ட்ட சட்டையைக் கழட்டி நிக்குது. நம்ம குழந்தை தடுப்பூசி முடிஞ்சதும் டாக்டரைப் பார்க்கிறது காய்ச்சல் வந்தாத்தான். அதுவும் யூனிஃபார்மோட. தேவையில்லாம எக்ஸ்-ரே எடுத்துத் தள்ளுவாங்கங்கிற கவலை நியாயமானது, அதுக்குத்தான் மட்டக் கருவியும் 7 டிகிரி எல்லையும் இருக்கு.

சில அறிகுறிகள் இருந்தா ஆறு மாசம் எல்லாம் காத்திருக்கக் கூடாது. ராத்திரித் தூக்கத்துல எழுப்புற முதுகு வலி. கால்ல பலவீனம், மரத்துப் போறது, நடை மாறுறது. சிறுநீரை அடக்க முடியாமப் போறது. உடம்புல காபி நிறத்துல பெரிய பெரிய திட்டுகள். 10 வயசுக்குள்ளேயே தெரியற வளைவு. மார்புப் பகுதியில இடப்பக்கமா போற வளைவு. இவங்களுக்குத் தண்டுவடத்துல வேற பிரச்சனை இருக்கான்னு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கணும்.

அந்தக் குடும்பம் கிளம்பற நேரத்துல கவனிச்சேன், கூட ஒரு சின்னப் பொண்ணும் வந்திருந்தா. தங்கச்சி, 10 வயசு, இன்னும் வயசுக்கு வரல. வெளிய பெஞ்ச்ல உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தா. "பாப்பா, இங்க வா, கொஞ்சம் குனி"ன்னேன். வலப்பக்கம் லேசா ஒரு மேடு. எக்ஸ்-ரேயில 18 டிகிரி. அம்மா முகம் வெளுத்துப் போச்சு. நான் சந்தோஷமா இருந்தேன், அது அவங்களுக்குப் புரியல. பிரேஸ் இப்ப வேண்டாம். நாலு மாசத்துல திரும்ப வரணும்னு தேதி எழுதிக் கொடுத்து, அவங்க போன்லயும் பதிஞ்சு விட்டிருக்கேன்.

கடைசியா ஒண்ணு. எக்ஸ்-ரேயைப் போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பி "எத்தனை டிகிரி சார், பயப்படணுமா?"ன்னு கேட்காதீங்க. கோணத்தை வேணா படத்துல அளந்துடலாம். குழந்தைக்கு வளர்ச்சி இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குன்னு நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும். உங்க ஊர்ல எலும்பு டாக்டர்ட்டயோ முதுகுத்தண்டு நிபுணர்ட்டயோ போங்க. போகும்போது பழைய எக்ஸ்-ரே இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.